மலை ஓவியத்தைப் படிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா 164 மீட்டரைத் தாண்டாது. ஆனால் இங்குள்ள கலைக்கூடங்களிலும் சீன உணவகச் சுவர்களிலும் மருந்தகங்களிலும் தொங்கும் மலைகளுக்குக் கணக்கில்லை. சிகரம் காளான்போல் வளைந்திருக்கும், இடுப்பளவில் மேகம் மறைத்திருக்கும், அடிவாரத்தில் எறும்பளவு மனிதன் கழுதை ஓட்டிப் போவான். புதிதாகப் பார்ப்பவர் “அழகா இருக்கு” என்று நகர்வார். அல்லது “இப்படி மலை எங்கேயாவது இருக்குமா?” என்று கேட்டுவிட்டு நகர்வார். இந்த இரண்டாவது கேள்விதான் சரியான தொடக்கம். அதைக் கேட்டபின் நகராமல் நின்றால் ஓவியம் பேசத் தொடங்கும்.

கண்ணில் பட்டதை அப்படியே தீட்டாமல், ஒரு பாணிக்குள் கொண்டுவந்து தீட்டிய மலைகளைப் பற்றியே இங்கே பேசுகிறோம். இத்தகைய ஓவியத்தில் ஓவியர் எதை மாற்றினார், எதை விட்டார், எதைப் பெரிதாக்கினார் என்று முதலில் பட்டியல் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் படத்துக்குள்ளேயே காரணம் தேட வேண்டும். படத்தில் “இதோ, இந்த இடம்” என்று சுட்டிக் காட்ட முடியாத எந்தப் பொருளையும் ஏற்காதீர்கள், அதை எவ்வளவு பெரிய அறிஞர் சொல்லியிருந்தாலும்.

எடுத்துக்காட்டாக ஓர் ஓவியத்தைக் கட்டுரை முழுவதும் கூடவே கொண்டுபோவோம். வட சோங் காலச் சீன அரசவை ஓவியர் குவோ ஷி 1072ஆம் ஆண்டு பட்டுத்துணியில் மையும் மெல்லிய வண்ணமும் கொண்டு தீட்டிய ‘இளவேனில் தொடக்கம்’ அது. தைப்பேயின் தேசிய அரண்மனை அரும்பொருளகத்தில் உள்ளது. நல்ல தெளிவுள்ள படம் இணையத்தில் கிடைக்கும். அதைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கைப்பேசித் திரை இதற்குப் போதாது.

போவதற்கு முன்

ஒரு பென்சில், ஏ5 அளவு குறிப்பேடு, அரை மணி நேரம். இவ்வளவுதான் தேவை. பேனாவைப் பையிலேயே வைத்துவிடுங்கள். பெரும்பாலான கலைக்கூடங்களில் ஓவியத்துக்கு அருகே பென்சிலால் மட்டுமே எழுதவோ வரையவோ விடுவார்கள். தேசியக் கலைக்கூடத்துக்குப் போவதானால் நகர மண்டப எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். நிரந்தரக் காட்சிகளைக் காணச் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. ஆகையால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கும் அவசரம் வேண்டாம். ஒரு வருகைக்கு இரண்டு மலை ஓவியங்கள் போதும். மூன்றாவதில் கண் களைத்துவிடும். பார்க்காமலே பார்த்ததாக எண்ணத் தொடங்குவோம்.

வீட்டிலிருந்து படப்பிரதியைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவாகத் தெரியும். மலை ஓவியத்திலோ அளவுதான் பாதிச் செய்தி. ‘இளவேனில் தொடக்கம்’ 158 சென்டிமீட்டர் உயரமும் 108 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. சுவரில் அந்த அளவுக்கு ஒட்டுநாடாவால் ஒரு செவ்வகம் ஒட்டி, அதன் முன் நின்று பாருங்கள். சிகரம் உங்கள் கண்மட்டத்துக்கு மேலே போவதும் மனிதர்கள் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் நிற்பதும் அப்போது புரியும். ஓவியர் எண்ணிய உடலசைவு அது: அண்ணாந்து பார்க்கவும் வேண்டும், குனிந்து தேடவும் வேண்டும்.

முதல் படி: மூன்று இடத்தில் நில்லுங்கள், விளக்க அட்டையைப் படிக்காதீர்கள்

முதலில் ஓவியத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி நின்று, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மங்கி, கருமையும் வெண்மையும் மட்டும் தெரியும். மிகக் கருமையான இடம் எது, மிக வெளிறிய இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து முழு ஓவியமும் தலையைத் திருப்பாமல் தெரியும் தூரத்துக்கு வாருங்கள். கடைசியாகத் தரையில் உள்ள கோடுவரை நெருங்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் நீளமாகத் தோன்றும். முதல் நிமிடத்தில் கண் ஏற்கெனவே அறிந்ததை மட்டும் எடுக்கும், இரண்டாவதில்தான் அறியாதது தென்படும்.

அட்டையைத் தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “இளவேனில்” என்று படித்துவிட்டால் கண் பூவைத் தேடும். குவோ ஷியின் ஓவியத்தில் பூவே இல்லை. மரங்கள் மொட்டையாக, நண்டின் கொடுக்குபோல் வளைந்த கிளைகளோடு நிற்கின்றன. பருவத்தைச் சொல்வது பள்ளத்தாக்கிலிருந்து எழும் ஈரமூட்டமும் பனி உருகி இறங்கும் நீரும்தான். தலைப்பை முதலில் படித்தவர் இதைத் தவறவிட்டு, “ஓவியர் இளவேனிலைச் சரியாகக் காட்டவில்லை” என்று குறை எழுதியும் விடுவார்.

சுருள் ஓவியம் என்றால் ஒரு கூடுதல் விதி. செங்குத்தாகத் தொங்குவதைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். கிடைமட்டமாக நீளும் கைச்சுருளை வலமிருந்து இடமாகப் பாருங்கள். கைச்சுருளை ஒருவர் இரு கையால் விரித்துச் சுருட்டிக்கொண்டே பார்ப்பது வழக்கம். ஒரு நேரத்தில் ஏறக்குறைய ஒரு கை நீளம்தான் தெரியும். கண்ணாடிப் பெட்டியில் முழுவதும் விரித்து வைத்திருந்தாலும் வலக்கோடியில் தொடங்கி நடங்கள். இடமிருந்து பார்த்தால் கதையின் முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் போகிறீர்கள்.

இரண்டாம் படி: பெயர்ச்சொல் மட்டும்

பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதன் பெயர் மட்டும்: சிகரம், பாறை, அருவி, பாலம், படகு, ஆள், கூரை, வெற்றிடம். உரிச்சொல் கூடாது. “கம்பீரமான மலை” என்று எழுதியதும் நீங்கள் விளக்கத்துக்குத் தாவிவிட்டீர்கள். எதைப் பார்த்து அந்தச் சொல் வந்தது என்பது தொலைந்துவிட்டது. வலப்பக்கம் அது படத்தில் எங்கே இருக்கிறது, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று எழுதுங்கள். ஓவியத்தை மனத்தில் மேல், நடு, கீழ் என மூன்றாகப் பிரித்துக்கொண்டால் எளிது.

‘இளவேனில் தொடக்கத்தில்’ கீழ்ப்பகுதியில் கரையோரம் படகும் மீனவக் குடும்பமும், நடுவே முறுக்கிய பாறைமீது பெரிய பைன் மரங்கள், வலப்பக்க மலையிடுக்கில் அருவியும் அடுக்கடுக்கான கட்டடங்களும், இடப்பக்கம் தொலைவுக்கு ஓடும் ஆற்றுப் பள்ளத்தாக்கு, உச்சியில் சற்றே வளைந்த தலைமைச் சிகரம், இடையிடையே வெற்றிடம். இவ்வளவும் எழுதப் பத்து நிமிடம் ஆகும். சுருக்காதீர்கள், பிறகு நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சாட்சி இந்தப் பட்டியல்தான்.

மூன்றாம் படி: எதெல்லாம் மாறியிருக்கிறது?

வேலையின் மையம் இங்கேதான். உருவம், பார்வைக்கோணம், அளவு, கோடு, வண்ணம், வெற்றிடம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, உண்மையான மலையோடு ஒப்பிடுங்கள்.

உருவத்தில் அவசரம் வேண்டாம். கற்பனை என்று நாம் நினைப்பது சில நேரம் உண்மையாக இருக்கும். சீனாவின் அன்ஹுயி மாநிலத்தில் உள்ள ஹுவாங்ஷான் மலையில் கருங்கல் தூண்கள் மேகத்துக்குமேல் நிற்பதும், பாறைப் பிளவில் பைன் மரம் படுக்கைவாட்டில் வளர்வதும் ஒளிப்படத்திலும் அப்படித்தான் தெரியும். குய்லின் பகுதியின் சுண்ணாம்புக்கல் குன்றுகள் சமநிலத்திலிருந்து திடீரென்று எழுவதும் அப்படியே. மூணாறு, ஊட்டி, கேமரன் மலை ஆகியவற்றின் உருண்ட தோள்களை மட்டும் பார்த்துப் பழகிய நம் கண் இவற்றை “பாணி” என்று எண்ணிவிடும். அந்த ஊர் மலையின் ஒளிப்படம் ஒன்றைத் தேடிப் பார்த்த பிறகே “ஓவியர் மாற்றினார்” என்று எழுதுங்கள்.

பார்வைக்கோணம்தான் தொடக்கநிலைப் பார்வையாளரை அதிகம் குழப்புவது. ஒளிப்படத்துக்கு ஒரே நிலைப்புள்ளி. சீன மலை ஓவியத்துக்குப் பல. குவோ ஷியின் குறிப்புகளை அவர் மகன் தொகுத்து வைத்தார். அவற்றில் மூன்று தூரங்கள் சொல்லப்படுகின்றன. அடிவாரத்தில் நின்று உச்சியை அண்ணாந்து பார்ப்பது உயரத் தூரம். முன்மலைக்கு இப்பால் நின்று பின்மலைகளுக்குள் எட்டிப் பார்ப்பது ஆழத் தூரம். அருகிலிருந்து தொலைவை மட்டமாக நோக்குவது சமதளத் தூரம். ‘இளவேனில் தொடக்கத்தில்’ மூன்றும் உண்டு. நடுச்சிகரத்தை அண்ணாந்து பார்க்கிறோம், வலப்பக்க இடுக்குக்குள் எட்டிப் பார்க்கிறோம், இடப்பக்கப் பள்ளத்தாக்கை மட்டமாகப் பார்க்கிறோம். ஒரே நேரத்தில் ஒருவர் இப்படிப் பார்க்க முடியாது, நடந்துகொண்டே பார்த்தால் முடியும். ஆகவே “தூரக்காட்சி விதி தெரியாமல் வரைந்திருக்கிறார்” என்று எழுதுவது பிழை. பார்ப்பவரை மலைக்குள் நடக்க வைக்கும் அமைப்பு இது.

இதைச் சோதிக்க எளிய வழி: படத்தில் ஐந்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் பார்க்க நீங்கள் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். கூரையின் மேற்பரப்பு தெரிகிறதா, அடிப்பக்கம் தெரிகிறதா? கூரைதான் பொய் சொல்லாத சாட்சி. பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தால் “நீ இந்தப் படத்துக்குள்ளே எங்கே நிற்பே, அங்கேயிருந்து என்ன தெரியும்?” என்று கேளுங்கள். பெரியவர்களைவிட வேகமாக அவர்கள் பல நிலைப்புள்ளிகளைக் கண்டுபிடிப்பார்கள்.

அளவுக்கு மனிதனே அளவுகோல். கையை நீட்டி, பென்சிலை ஓவியத்துக்கு நேராகத் தொலைவிலிருந்து பிடித்து, ஓர் ஆளின் உயரத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொண்டு, மலைக்கு எத்தனை ஆள் உயரம் என்று மேலே எண்ணிப் போங்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஃபான் குவானின் புகழ்பெற்ற ஓவியத்தில், ஏறத்தாழ 206 சென்டிமீட்டர் உயரப் பட்டில், மலைச்சுவர் ஒன்றே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை நிரப்புகிறது. கழுதை ஓட்டிச் செல்வோர் கீழே வலப்பக்கத்தில் விரல்நுனி அளவே. அவர் கையொப்பத்தை மர இலைகளுக்கிடையே அவ்வளவு சிறிதாக ஒளித்திருந்தார், 1958இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. மலைக்குமுன் மனிதன் எவ்வளவு என்பதை ஓவியரின் பெயரே காட்டிவிடுகிறது. இப்படி விரல்வைத்துக் காட்டக்கூடிய சான்று கிடைக்கும்போது “மனிதன் சிறியவன்” என்ற பழகிய வாக்கியத்துக்கும் எடை வந்துவிடுகிறது.

கோட்டுக்கு நெருங்கி நிற்க வேண்டும். பாறையின் மேற்பரப்பைக் காட்டச் சீன ஓவியர்கள் பயன்படுத்தும் தூரிகைத் தீற்றல்களை ‘சுன்’ என்பார்கள். பல வகை உண்டு. தொடக்கத்தில் மூன்றை அடையாளம் கண்டால் போதும். தளர்ந்து நீளமாக, கிட்டத்தட்ட இணையாக ஓடும் கோடுகள் சணல்நார்த் தீற்றல். தென்சீனத்தின் மண் மூடிய மென்குன்றுகளுக்கு உரியது, 10ஆம் நூற்றாண்டின் தோங் யுவான் பெயரோடு இணைந்தது. தூரிகையைச் சாய்த்து இழுத்ததால் பட்டையாக, ஒரு முனை வெட்டினாற்போல் முடிவது கோடரிவெட்டுத் தீற்றல். கடினமான பாறைக்கு உரியது, 12ஆம் நூற்றாண்டின் லீ தாங் இதில் வல்லவர். குட்டையான புள்ளித் தீற்றல்கள் நெருக்கமாக விழுந்தால் மழைத்துளித் தீற்றல். ஃபான் குவானின் மலைச்சுவர் இப்படி ஆனது. பெயரை மனப்பாடம் செய்வதைவிடக் கையால் உணர்வது நல்லது. பென்சிலின் நுனியால் பத்து நீளக்கோடு, பிறகு பென்சிலைப் படுக்கவைத்து அதன் பக்கவாட்டால் பத்துப் பட்டை போட்டுப் பாருங்கள். முதலாவதில் மணிக்கட்டு தளர்ந்தும் இரண்டாவதில் இறுகியும் இருக்கும். அந்தத் தளர்வும் இறுக்கமும்தான் பார்ப்பவருக்குள் மென்மையாகவும் கடுமையாகவும் போய்ச் சேர்கின்றன.

இங்கே நடக்கும் பெரிய தவறு, தீற்றலை நிழலாக எடுத்துக்கொள்வது. மேலைநாட்டு எண்ணெய் ஓவியத்தில் கருமை பெரும்பாலும் நிழல். வெயில் எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் கிடைக்கும். பழைய சீன மலை ஓவியத்தில் பொதுவாக ஒரே வெயில் கிடையாது. கருமை பிளவைக் காட்டும், மடிப்பைக் காட்டும், ஈரத்தைக் காட்டும், அல்லது பக்கத்திலிருக்கும் வெண்மையைத் தூக்கிக் காட்டும். “மாலை வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது” என்று எழுதுமுன் நிழல் தரையில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருக்காது.

வண்ணத்தில் முதல் எச்சரிக்கை: பழுப்பை நம்பாதீர்கள். பட்டு நூற்றாண்டுக் கணக்கில் பழுத்துக் கருமையேறும். ‘இளவேனில் தொடக்கத்தின்’ பின்னணிப் பழுப்பு பெரும்பாலும் காலம் பூசியது. அதைப் பார்த்து “சோகம்”, “இலையுதிர்காலம்” என்று எழுதினால் துணியின் முதுமையை ஓவியரின் மனநிலையாக்கிவிடுகிறோம். அடர்ந்த நீலமும் பச்சையும் கொண்ட மலைகள் வேறு மரபு. அசுரைட், மாலகைட் என்னும் தாதுக்களைப் பொடித்துப் பூசியவை. கல்லிலிருந்து வந்த நிறம் என்பதால் எளிதில் வெளிறாது. அந்த நிறம் பெரும்பாலும் சித்தர் உலகத்தையோ பொற்காலப் பழமையையோ சுட்டும். 1113இல் வாங் ஷிமெங் தீட்டிய ஏறத்தாழ 12 மீட்டர் நீளக் கைச்சுருள் இம்மரபின் உச்சம். ஜப்பானிய மர அச்சோவியத்துக்கு வந்தால் ஹொக்குசாயின் சிவந்த ஃபூஜி, 1830களின் தொடக்கம். உண்மையான ஃபூஜியின் சரிவு இவ்வளவு செங்குத்து இல்லை. அவர் முக்கோணத்தைக் கூராக்கி, மலையை வலப்பக்கம் தள்ளி, மீதியை நீலத்துக்கும் மேகவரிகளுக்கும் கொடுத்தார். உச்சியில் வெண்பனிக் கோடுகள், அடிவாரத்தில் காட்டுக்குப் பதில் புள்ளிகள், ஓர் ஆள்கூட இல்லை. ஆள் இல்லாததையும் பட்டியலில் எழுதுங்கள்.

வெற்றிடம் கடைசி, ஆனால் பலரும் தாண்டிப்போவது அதைத்தான். ஒன்றும் வரையாமல் விட்ட இடம் நீரா, மூட்டமா, வானமா? ஓரத்தைப் பாருங்கள். மலையடி மெல்ல மெல்ல மங்கி வெண்மையில் கரைந்தால் அது மூட்டம். வெண்மைக்குக் கரைபோன்ற தெளிவான விளிம்போ, நடுவில் படகோ நாணலோ இருந்தால் நீர். மேல்விளிம்புவரை தடையின்றிப் போனால் வானம். மூட்டம் என்று தெரிந்தபின் அது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். குவோ ஷியின் சிகரம் தரையோடு ஒட்டாமல் மிதப்பதற்கும், அடிவாரம் எவ்வளவு தூரம் என்று கணக்கிட முடியாமல் போவதற்கும் இந்த மூட்டமே காரணம். மறைத்ததால்தான் உயர்ந்தது. நகல் எடுக்கும் தாளில் மலையை மட்டும் வரைந்து, மூட்டத்தை நிரப்பிப் பாறையாக்கிப் பாருங்கள்; சிகரம் சட்டென்று குட்டையாகிவிடும்.

நான்காம் படி: எழுத்தும் முத்திரையும்

ஓவியத்தின்மேல் உள்ள எழுத்தெல்லாம் ஓவியருடையது அல்ல. ‘இளவேனில் தொடக்கத்தின்’ இடப்பக்கம் உள்ள சிறு எழுத்தும் முத்திரையும் குவோ ஷியின் பெயரையும் ஆண்டையும் தருகின்றன. மேலே வலப்பக்கம் பளிச்சென்று தெரியும் கவிதை 18ஆம் நூற்றாண்டின் சியன்லோங் பேரரசர் சேர்த்தது. ஓவியத்துக்கும் கவிதைக்கும் நடுவே ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள். கவிதையை ஓவியரின் கருத்தாக எடுத்துக்கொண்டால் விளக்கம் முழுவதும் சாய்ந்துவிடும். சிவப்பு முத்திரைகளும் அப்படியே; பல பிற்காலச் சேகரிப்பாளர்கள் வைத்தவை, ஓவியம் யார் யார் கையில் இருந்தது என்பதற்கான சான்று. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை முத்திரைமேல் காட்டாதீர்கள். முத்திரை எழுத்து வடிவம் பழமையானது, செயலி தவறாகவே படிக்கும். சீனம் தெரிந்த நண்பருக்கும் இது எளிதாகப் பிடிபடாது. கலைக்கூடம் தரும் மொழிபெயர்ப்பையே நம்புங்கள்.

ஐந்தாம் படி: முதல், கரு, உரி

தமிழ் வாசகரிடம் நிலக்காட்சியைப் படிக்கும் கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள தெய்வம், மாந்தர், விலங்கு, மரம், தொழில் கருப்பொருள். இவற்றால் உணர்த்தப்படும் அகநிலை உரிப்பொருள். பள்ளியில் திணை படித்தவருக்கு இது தெரியும். சங்கப் பாட்டில் வேங்கையும் அருவியும் யாமப் பொழுதும் வெறும் பின்னணி இல்லை. அவை வழியாகத்தான் உணர்வு வருகிறது. மலை ஓவியமும் இதே வழியில் இயங்குகிறது. எனவே உங்கள் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். ‘இளவேனில் தொடக்கத்தில்’ முதல்: பாறைமலை, பனி உருகும் பருவம். கரு: மீனவர், பயணி, பைன், மொட்டை மரம், மலையிடுக்குக் கட்டடம், அருவி. உரி என்ன? அதைக் கருப்பொருள்களிடையே உள்ள உறவிலிருந்து எடுக்க வேண்டும். கீழே குடும்பம் கரையிறங்குகிறது, வழிப்போக்கர் மேலேறுகிறார், எல்லாத் தடமும் மலையை நோக்கியோ மலையைச் சுற்றியோ போகிறது, சிறு குன்றுகள் தலைமைச் சிகரத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. பெரிய மலை சுற்றியுள்ள குன்றுகளுக்கு அரசன்போல என்று குவோ ஷியின் குறிப்புகளே சொல்கின்றன. அவர் அரசவை ஓவியரும்கூட. குளிர் விட்டு எல்லாம் அசையத் தொடங்கும் நேரத்தில் ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருக்கும் ஓர் ஒழுங்கு என்று உரியை எழுதினால் படமும் குறிப்பும் இரண்டுமே அதற்குத் துணை நிற்கும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் தேவை. முறையைக் கடன் வாங்கலாம், பொருளைக் கடன் வாங்கக் கூடாது. மலை என்றதும் குறிஞ்சி, குறிஞ்சி என்றதும் புணர்தல் என்று சீன ஓவியத்தில் காதலர் சந்திப்பைத் தேடினால் வழி தப்பும். அங்கே மலை பெரும்பாலும் பதவியை விட்டு ஒதுங்கியவர் நாடும் இடம், அல்லது ஒழுங்கின் வடிவம். பாலிக்குப் போனால் மலைப்பக்கம் புனிதத் திசை, கடல்பக்கம் அதற்கு எதிர்த்திசை. அந்தத் தீவின் ஓவியத்தில் மலை எங்கே இருக்கிறது என்பதை இதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். ஜாவாவின் தோல்பாவைக்கூத்தில் ஆட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நடுவே நட்டுவைக்கப்படும் இலைவடிவ ‘குனுங்கான்’ ஒரு மலைதான். உள்ளே மரம், வாயில், காவலர். மேருவின் வடிவாகக் கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுருக்கம் உடனே புரியும். ஒவ்வொரு மலைக்கும் அதன் ஊர் தந்த உரிப்பொருள் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அடுத்த படி.

ஆறாம் படி: இப்போது அட்டையைப் படியுங்கள்

விளக்க அட்டையில் பெயர், பிறப்பு இறப்பு ஆண்டுகள், தலைப்பு, தீட்டிய ஆண்டு, பொருள், அளவு, யார் கொடுத்தது என்பவை இருக்கும். அளவில் முதலில் வருவது பெரும்பாலும் உயரம். ஆண்டைப் பார்த்ததும் அப்போது ஓவியருக்கு எத்தனை வயது, எந்த ஊரில் இருந்தார் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் இந்தக் கேள்வி மிகவும் பலன் தரும், ஏனென்றால் இங்கே மலை தீட்டியவர்கள் மலையைச் சன்னல் வழியே பார்த்துத் தீட்டவில்லை. நினைவிலிருந்தோ பயணத்திலிருந்தோ மரபிலிருந்தோ தீட்டினார்கள்.

1952இல் லியூ காங், சென் சோங் ஸ்வீ, சென் வென் ஷி, சியோங் சூ பியெங் ஆகிய சிங்கப்பூர் ஓவியர் நால்வரும் பாலிக்குச் சென்றது இங்குள்ள கலை வரலாற்றில் ஒரு திருப்பம். சென் சோங் ஸ்வீயின் மை ஓவியங்களில் சீனத் தூரிகை தென்னையையும் கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டையும் தீட்டுவதைப் பாருங்கள். பைனுக்கும் மூங்கிலுக்கும் பழகிய கை தென்னங்கீற்றை எப்படி இழுக்கிறது, எங்கே பழைய முறை போதாமல் புதிய தீற்றல் தேவைப்பட்டது என்று தேடினால் நன்யாங் (தென்கடல், அதாவது தென்கிழக்காசிய) பாணி என்று சொல்லப்படுவது என்ன என்பது கண்ணுக்கே தெரியும். வூ குவான்ஜோங் இன்னொரு வகை. 1919இல் ஜியாங்சு மாநிலத்தில் பிறந்து, பாரிசில் படித்து, 1950இல் சீனா திரும்பியவர். 2008இல் 113 படைப்புகளைச் சிங்கப்பூருக்கு நன்கொடையாகத் தந்தார். அவர் மலைகளில் பாறை ஏறக்குறைய மறைந்து, ஓடும் கோடும் தெறித்த வண்ணப்புள்ளியும் மிஞ்சும். அங்கே மூன்றாம் படியின் ‘சுன்’ பட்டியலைப் பயன்படுத்தினால் கைக்கு எதுவும் சிக்காது. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, புள்ளி எங்கே கூடுகிறது எங்கே கலைகிறது என்று பின்தொடருங்கள். மலை என்று உங்கள் கண் ஏற்றுக்கொள்ளக் குறைந்தது எத்தனை கோடு தேவைப்பட்டது என்று விரலால் மறைத்து மறைத்துப் பாருங்கள். அந்த ஓவியங்களில் எங்களுக்கு மிகப் பிடித்த வேலை அதுதான்.

பாணி எல்லாமே சிந்தனையின் விளைவு என்று எண்ணிவிடவும் வேண்டாம். டச்சுக் காலனிய இந்தோனீசியாவில் எரிமலை, தென்னை, நெல்வயல் மூன்றையும் சேர்த்து அழகழகாகத் தீட்டி விற்கும் வழக்கம் இருந்தது. அதை ‘மோய் இந்தியே’ (அழகிய இந்தியத் தீவுகள்) என்றார்கள். ஓவியர் சுஜோயோனோ 1930களின் இறுதியில் அதைக் கடுமையாகச் சாடினார். மக்களின் வாழ்க்கை அந்த மலைக்காட்சியில் இல்லை என்பதே அவர் குறை. ஆகவே நிலக்காட்சியில் யார் விடுபட்டிருக்கிறார், அந்த வயலில் உழைத்தது யார் என்று கேட்பதும் விளக்கத்தின் பகுதிதான். நினைவுப்பொருள் கடை ஓவியத்திலும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம்: மூன்று கடைகளில் அதே மலை, அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தால் நீங்கள் படிப்பது ஓவியரை அல்ல, ஒரு வார்ப்பை.

ஏழாம் படி: 150 சொல்லில் எழுதுங்கள்

எழுதாத விளக்கம் அடுத்த நாள் கரைந்துவிடும். முதல் மூன்று வாக்கியம் படத்தில் இருப்பது. அடுத்த மூன்று வாக்கியம் ஓவியர் மாற்றியவற்றில் மிக முக்கியமான இரண்டு. அதன்பின் உரிப்பொருள் ஒன்று, அதற்கு இரண்டு சான்று. கடைசியில் உங்கள் விளக்கத்துக்கு ஒத்துவராத ஒரு விவரத்தையும் எழுதுங்கள். அது கட்டாயம் இருக்கும்; மறைத்தால் விளக்கம் பலவீனமாகும்.

“இந்த ஓவியம் இயற்கையின் பேரழகையும் அமைதியையும் வெளிப்படுத்துகிறது” என்ற வாக்கியத்தை எந்த மலை ஓவியத்தின் கீழும் ஒட்டலாம், ஆகவே அது எதையும் சொல்லவில்லை. “சிகரத்தின் அடியை மூட்டம் மறைப்பதால் மலை எவ்வளவு தொலைவில் தொடங்குகிறது என்று தெரியவில்லை, கீழே கரையிறங்கும் குடும்பமோ மிகத் தெளிவாகத் தெரிகிறது, அன்றாட வாழ்க்கை கைக்கெட்டும் தூரத்திலும் தலைமைச் சிகரம் எட்டாத தூரத்திலும் வைக்கப்பட்டுள்ளன” என்பது இந்த ஓவியத்துக்கு மட்டுமே பொருந்தும். மறுக்க நினைப்பவரும் படத்தைக் காட்டித்தான் மறுக்க வேண்டும். எழுதி முடித்ததும் ஓவியரின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு, இதே பத்தி வேறோர் ஓவியத்துக்கும் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் பொருந்தும் வாக்கியங்களை அடித்துவிட்டு இரண்டாம் படியின் பட்டியலுக்குத் திரும்புங்கள்.

கிளம்புமுன் அட்டையில் படைப்பின் சேகரிப்பு எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தாளிலும் பட்டிலும் தீட்டிய மை ஓவியங்கள் வெளிச்சத்தில் கெடும் என்பதால் மங்கிய விளக்கில், 50 லக்ஸ் அளவில், சில மாதங்களே காட்டிவிட்டு உள்ளே எடுத்து வைப்பது உலகெங்கும் வழக்கம். அடுத்த முறை போகும்போது அதே சுவரில் வேறு மலை தொங்கலாம். தேசியச் சேகரிப்பில் உள்ள பல படைப்புகளைத் தேசிய மரபுடைமைக் கழகத்தின் ‘ரூட்ஸ்’ இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். எண்ணும் ஓவியரின் பெயரும் கையில் இருந்தால் தேடல் விரைவாக முடியும்.